பாலாற்றுத் தீர்ப்பும் ‘சமநிலை’ என்னும் சொல்லும்

1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, நம் நாட்டின் சுற்றுச்சூழல் சட்டத்திற்கு மூலைக்கல் போன்றது எனச் சட்ட அறிஞர் கூறுவர். சட்டக் கல்லூரி மாணவர் எவரும் அதைப் படியாமல் தேர்ச்சி பெறுவதில்லை. ஆனால் அத்தீர்ப்புக்குக் காரணமான மண்ணிலேயே, பாலாற்றங்கரைச் சபைகளிலே, ஊழியம் செய்யும் நம்மில் எத்தனை பேர் அதை வாசித்திருக்கிறோம்? வாசியாமலே அதன் ஒரு சொல்லை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம். ‘பொருளாதார வளர்ச்சிக்கும் சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கும் இடையே சமநிலை காணவேண்டும்’ என்பது இன்று சுற்றுச்சூழல் ஞாயிறுகளில் நம் அருளுரைகளின் வழக்கமான முடிவாகிவிட்டது. யாரும் மறுக்க மாட்டார்கள். யாரும் மறுக்காத ஒரு சொல்லை இறையியல் மாணவன் சற்று ஐயத்தோடு நோக்குவது நல்லது.

வழக்கின் வரலாற்றைச் சுருங்கக் கூறுகிறேன். அந்நாளைய வட ஆற்காட்டில், வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் தங்கள் கழிவுநீரை வயல்களிலும் ஓடைகளிலும் ஆற்றிலும் விட்டுவந்தன. 1991-இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. தொழிற்சாலைகள் மிகுந்த அப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்று வேளாண் பல்கலைக் கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டதை மனுதாரர் எடுத்துக்காட்டினர். ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க 35 லிட்டர் நீர் செலவாகிறது என்பதும், அந்நீர் எங்கே போகிறது என்பதும் மன்றத்தின் முன் வைக்கப்பட்டன. எதிர்த்தரப்பின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. நாட்டின் பதனிட்ட தோல் ஏற்றுமதியில் ஏறத்தாழ 80 விழுக்காடு தமிழ்நாட்டிலிருந்து சென்றது. அந்நியச் செலாவணியும் பல்லாயிரம் பேருடைய பிழைப்பும் அதில் அடங்கியிருந்தன.

நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான மூவர் அமர்வு, வளர்ச்சியும் சூழலியலும் பகைவர் அல்ல, இரண்டையும் சமன்செய்யும் கோட்பாடே நிலைபேறான வளர்ச்சி என்று கூறிற்று. 1972-இன் ஸ்டாக்ஹோம் மாநாட்டையும், 1987-இன் புருண்ட்லாண்ட் அறிக்கையையும், 1992-இன் ரியோ மாநாட்டையும் அது சான்று காட்டிற்று. நம் மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது இப்பகுதியே. ஆனால் தீர்ப்பின் அடுத்த பக்கங்களைப் பார்க்கவேண்டும். அங்கே மூன்று நெறிகள் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என அறிவிக்கப்படுகின்றன. அறிவியல் நிச்சயம் இல்லை என்ற காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையை ஒத்திப்போடலாகாது. தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவரையே சாரும், பாதிக்கப்பட்டவரை அன்று. மாசுபடுத்தியவர் பாதிக்கப்பட்டவருக்கு ஈடு தருவதோடு நிலத்தையும் நீரையும் சீர்ப்படுத்தும் செலவையும் ஏற்கவேண்டும். இம்மூன்றில் எது ‘சமநிலை’? ஒன்றும் இல்லை. மெய்ப்பிக்கும் பாரத்தை ஒருவர் தோளிலிருந்து எடுத்து மற்றவர் தோளில் வைப்பது பக்கம் சார்வது. ஈடுகட்டச் சொல்வதோ நீதி வழங்குவது. இத்தீர்ப்பின் முழக்கத்தைவிட அதன் நியாயம் மேலானது என்பதே என் கருத்து. முழக்கம் மேடைகளுக்கு ஏறிற்று. நியாயம் கோப்புகளுக்குள் தங்கிவிட்டது.

துலாக்கோலைப் பற்றி ஆமோஸ் பேசும்போது (8:5) எடைபோடுதலே கூடாது என்று சொல்லவில்லை. அது யார் கையில் இருக்கிறது, அந்தக் கை நேர்மையானதா என்றே கேட்கிறான். நாமும் அதையே கேட்போம். வளர்ச்சியையும் சூழலையும் இரு தட்டுகளில் வைத்து நடுநிலையோடு கோலைப் பிடித்து நிற்பது அரசு என்று நாம் கற்பனை செய்கிறோம். பாலாற்றின் வரலாறு அப்படியன்று. ஒரு காலத்தில் இப்பகுதியில் தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயுமே பெரிதும் பயன்பட்டன. அதிலும் நாற்றம் உண்டு, உப்பு உண்டு. பழையதெல்லாம் தூயது என்று நான் சொல்லவரவில்லை. 1972-இல் அமைக்கப்பட்ட சீதாராமையா குழுவின் பரிந்துரைகளைப் பின்பற்றி, கச்சாத் தோலும் அரைகுறையாகப் பதனிட்ட தோலும் ஏற்றுமதியாவதை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுமையாக்கப்பட்ட தோலுக்கு ஊக்கம் அளித்தது. அதன் நோக்கம் நல்லதே. மூலப்பொருளை விற்கும் நாடாகவே நாம் இருத்தலாகாது என்பதில் யாருக்கு மாறுபாடு? ஆனால் அதனோடு குரோம் பதனிடுதல் பெருகிற்று. குரோமியமும் பிற இரசாயனங்களும் பெருகின. அவற்றின் கழிவு எங்கே செல்லும் என்று எந்த அலுவலகமும் அன்று திட்டமிடவில்லை. நீர்நிலைகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இத்தகைய தொழிற்சாலைகள் அமையலாகாது என்னும் மாநில அரசாணை 1989-இல்தான் வந்தது. ஆகவே தராசைப் பிடித்திருப்பவரே அதன் ஒரு தட்டில் முன்னமே எடைக்கல் வைத்தவர். அதை மறைத்துவிட்டு அரசை நடுவர் என்று அழைப்பது சரித்திரத்துக்குப் பொருந்தாது.

இன்னொன்றும் இங்கே நினைவுகூரத்தக்கது. தோலில் பூஞ்சணம் பிடியாமலிருக்கச் சேர்க்கப்பட்ட பென்டாகுளோரோஃபீனால் என்னும் நஞ்சை ஜெர்மனி 1989-இல் தடைசெய்தது. பின்னர் 1990-களின் நடுவில் சிலவகை அசோ சாயங்களையும் விலக்கிற்று. தோலை வாங்குகிறவன் சொன்னான். நம் தொழிற்சாலைகள் சில ஆண்டுகளுக்குள் முறையை மாற்றிக்கொண்டன. ‘தொழில் அழிந்துவிடும், கால அவகாசம் வேண்டும்’ என்ற குரல் அங்கே நெடுநாள் எடுபடவில்லை. ஐரோப்பியனின் காலில் படும் தோலுக்காகச் சில ஆண்டுகளில் முடிந்த மாற்றம், ஆம்பூருக்குக் கிழக்கே கிணற்றில் நீர் சேந்துகிறவளுக்காகப் பல பத்தாண்டுகள் ஆகியும் முடியவில்லை. அதற்கான அறிவு இருந்தது, பணமும் இருந்தது. மறுத்துச் சொல்லும் ஆற்றல் யாரிடம் இருந்தது என்பதிலேதான் வேறுபாடு. சமநிலையைப் பேசுவோர் ஆற்றலின் ஏற்றத்தாழ்வைப் பேசுவதில்லை.

இனி, ‘கருத்தொருமை’ என்பதைப் பார்ப்போம். தீர்ப்புக்கு முன்னும் பின்னும் அரசும் தொழிலதிபர் சங்கங்களும் பொறியாளர்களும் கூடி ஏற்ற வழி, பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள். செலவில் மத்திய அரசு கால்பங்கு, மாநில அரசு கால்பங்கு, எஞ்சியது தொழிலுடையது. இத்திட்டத்தை நான் இழிவாகப் பேசவில்லை. நூற்றுக்கணக்கான சிறு தொழிற்சாலைகள் தனித்தனியே நிலையம் கட்ட இயலாது என்பது உண்மை. ஆயினும் பாலாற்றின் பெருந்துன்பம் உப்பு. கச்சாத் தோல் அழுகாமலிருக்க உப்பிட்டே கொண்டுவரப்படுகிறது. ஊறவைக்கும் தொட்டியில் அவ்வுப்பெல்லாம் கரைந்து நீரோடு வெளியேறுகிறது. முதலில் கட்டப்பட்ட நிலையங்கள் அழுகும் பொருள்களையே நீக்கின, கரைந்த உப்பை அவற்றால் நீக்க முடியவில்லை. பின்னர் சவ்வூடு பரவல் எந்திரங்களும் ஆவியாக்கும் கொப்பரைகளும் வந்தன. நீர் திரும்பக் கிடைத்தது. கலப்பு உப்பும் கசடும் மூட்டைகளாகவும் குவியல்களாகவும் கரையில் நின்றன. 2015-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் விடியுமுன், இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையின் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் கசடு தேக்கியிருந்த தொட்டி உடைந்து, அடுத்த தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் மூழ்கி மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து கூலிக்கு வந்தவர்கள். கருத்தொருமையின் சின்னமாகக் கட்டப்பட்டதே அவர்களுக்குக் கல்லறையாயிற்று. அக்கருத்தொருமை உருவான மேசையில் அவர்களைப் போன்ற ஒருவர்கூட அமர்ந்திருக்கவில்லை.

தீர்ப்பின்படி அமைக்கப்பட்ட இழப்பீட்டு ஆணையம் 2001 மார்ச் 7-இல் தன் முடிவை அறிவித்தது. வேலூர் மாவட்டத்தின் 547 தொழிற்சாலைகள், பாதிக்கப்பட்ட சுமார் 29,000 குடும்பத்தாருக்கு ஏறத்தாழ 27 கோடி ரூபாய் தரவேண்டும் என்பது அதன் சாரம். பெரிய தொகையாகத் தோன்றும். வகுத்துப் பாருங்கள், குடும்பம் ஒன்றுக்குச் சராசரி பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைவு. அதுவும் நிலச் சேதத்தை அடிப்படையாகக் கொண்ட கணக்கு. நிலமற்ற கூலியாள் இழந்த நடவு நாட்களையும் அறுப்பு நாட்களையும் அளக்க அதில் கோல் இல்லை. தண்ணீருக்காகப் பெண்கள் கூடுதலாக நடந்த தொலைவையும் அது அளக்கவில்லை.

நானும் இதில் குற்றமற்றவன் அல்லன். அந்த ஆண்டுகளில் ஆற்றங்கரைச் சிற்றூர்ச் சபை ஒன்றில் இளம் ஆயராக இருந்தேன். சபையாரில் ஏறக்குறையப் பாதிப்பேர் தோல் ஷாப்புகளில் வேலை செய்தவர்கள். மற்றவர்கள் சிறு நிலமுடையோரும் கூலியாட்களும். இழப்பீடு கோரும் மனுவில் சபையின் பெயரால் கையெழுத்திட வேண்டுமென்று ஒரு சாரார் கேட்டனர். மனு போனால் ஷாப்பு மூடப்படும், எங்கள் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்றனர் மறுசாரார். சபைக் குழு கூடிற்று. நான் படைப்பைக் குறித்தும் உழைப்பின் மேன்மையைக் குறித்தும் உக்கிராணத்துவத்தைக் குறித்தும் பேசி, இருவர் நலனும் பேணப்பட வேண்டும் என்று கூறி, ஜெபத்தோடு கூட்டத்தை முடித்தேன். சண்டை இல்லாமல் போயிற்றே என்று பலர் கைகுலுக்கினர். மனுவில் சபை கையெழுத்திடவில்லை. வெளியே வரும்போது விதவையாகிய மூதாட்டி ஒருவர் சொன்னார்: “ஐயா, நீங்க யாரையும் புண்படுத்தாமப் பேசினீங்க. எங்க கெணத்துத் தண்ணிய ஒரு வாட்டி குடிச்சிட்டுப் பேசியிருக்கலாம்.” நான் அக்கிணற்று நீரைக் குடித்ததில்லை. ஆயர் இல்லத்துக்குத் தண்ணீர் வண்டியில் வந்துகொண்டிருந்தது.

எசேக்கியேல் 34-ஆம் அதிகாரத்தை நாம் ஆயர் பணியேற்பு ஆராதனைகளில் வாசிக்கிறோம்; பெரும்பாலும் 16-ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறோம். அதன் பின்னரே நம் பொருளுக்கு வேண்டியது வருகிறது. ஆண்டவர் அங்கே ஆட்டுக்கும் ஓநாய்க்கும் நடுவே நியாயந்தீர்க்கவில்லை, ஆட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவே நியாயந்தீர்க்கிறார். கொழுத்த ஆடுகள் தெளிந்த நீரைக் குடித்தபின், மீதியைக் கால்களால் கலக்கிவிடுகின்றன. மெலிந்தவை அக்கலங்கிய நீரைக் குடிக்கின்றன. இரு தரப்பும் ஒரே மந்தை. அது ஒரே மந்தை என்பதாலேயே, இரு தரப்புக்கும் பொதுவாக நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிடும் மேய்ப்பனை ஆண்டவர் மெச்சிக்கொள்ளவில்லை. மேய்ப்பர் மேலும் அவருக்கு வழக்கு உண்டு என்பது அதிகாரத்தின் தொடக்கத்திலேயே தெளிவு. நியாயந்தீர்த்தல் மந்தையைப் பிளக்கும் என்று நாம் அஞ்சுகிறோம். நியாயந்தீர்க்கப்படாமையால் மெலிந்தவை ஏற்கெனவே சிதறிப்போயின என்கிறது 21-ஆம் வசனம்.

மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்னும் நெறி ரியோவில் பிறந்ததன்று என்பதை நம் மாணவர்கள் அறியவேண்டும். நெருப்பு முட்செடிகளில் பற்றிப் பிறனுடைய கதிரை எரித்தால், கொளுத்தியவனே ஈடு தரவேண்டும் என்கிறது யாத்திராகமம் 22:6. அவன் தீய எண்ணம் கொண்டானா என்று பிரமாணம் விசாரிக்கவில்லை. கொளுத்தியவன் குளிர்காய்ந்தான், எரிந்தது அயலானுடையது, அவ்வளவே.

பொய்யான கருத்தொருமை எப்படியிருக்கும் என்பதற்கு நாபோத்தின் சரித்திரத்தைவிடச் சிறந்த பாடம் இல்லை (1 இராஜாக்கள் 21). ஆகாபு முதலில் கேட்டது நியாயமாகவே தோன்றுகிறது: இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், அல்லது விலை தருகிறேன். இன்றைய சொல்லில், ஈடு நிர்ணயித்தான். நாபோத்து மறுத்தபின் யேசபேல் வன்முறைக் கூட்டத்தை அனுப்பவில்லை. உபவாசம் கூறுவித்து, மூப்பரையும் பெரியோரையும் கூட்டி, சாட்சிகளை நிறுத்தி, எல்லாவற்றையும் முறைப்படி செய்தாள். பட்டணத்து மூப்பர் அனைவரும் ஒருமனப்பட்டனர். நாபோத்து சபையின் முன்னிலையிலேயே உட்காரவைக்கப்பட்டான் என்பதைக் கவனியுங்கள். இருக்கை கொடுத்தார்கள், பேச இடம் கொடுக்கவில்லை. பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் கலந்துகொண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இவ்வளவும் சொல்லியபின் ஓர் எச்சரிக்கையையும் சொல்லாவிடில் நான் நேர்மையற்றவனாவேன். தோல் தொழிலை அசுத்தம் என்று அருவருப்பது நம் சமுதாயத்தின் பழைய நோய். சூழல் பாதுகாப்பு என்ற பெயரில் அந்நோய் புதிய சட்டை போட்டுக்கொண்டு வருவதுண்டு. பேதுரு யோப்பாவிலே தோல் பதனிடும் சீமோன் வீட்டில் பலநாள் தங்கியிருந்தார் (அப். 9:43). அவ்வீடு கடலோரத்தில் இருந்தது. ஊருக்குள் அவனுக்கு இடமிருந்திராது என்று விளக்கவுரையாளர் கருதுவர். தீட்டென்று எவரையும் சொல்லலாகாது என்ற தரிசனம் பேதுருவுக்குக் கிடைத்தது அந்த வீட்டு மேல்தளத்தில்தான். நம் பாலாற்றுப் பகுதியில் ஊறல் தொட்டிகளில் இறங்கி நிற்பவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள், நம் சபை மக்களும் அவர்களே. கைகால் வெந்துபோவதும் முதலில் அவர்களுக்கே. ஆகவே ‘தொழிலாளிக்கு எதிராக விவசாயி’ என்று இவ்வழக்கை எழுதுவோர் கணக்கைப் பிழையாக எழுதுகிறார்கள். தொழிலதிபர்களில் பலர் இஸ்லாமியர் என்பதைக் கொண்டு இதை மதப் பூசலாக்கிப் பேசும் குரலையும் நம் மத்தியிலேயே கேட்டிருக்கிறேன். அது பொய்சாட்சி. கழிவுநீர் எந்தச் சமயத்தையும் சாராது. அவர்கள் இவ்வட்டாரத்தில் எழுப்பிய கல்லூரிகளில் நம் பிள்ளைகளும் படித்தார்கள்.

அப்படியானால் அரசுக் கொள்கையும் கருத்தொருமையும் வேண்டாமா? வேண்டும். ஆணையால் மட்டும் ஆறு தூய்மையாகாது என்பதற்குப் பாலாறே சாட்சி. ஆனால் கருத்தொருமைக்குத் திருமறை காட்டும் முன்மாதிரி ஒன்றை நாம் போதிய அளவு பயன்படுத்தவில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தில், கிரேக்கு மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் புறக்கணிக்கப்பட்டதாக முறுமுறுப்பு எழுந்தது. சபையார் எழுவரைத் தெரிந்துகொண்டார்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, அந்தியோகியா நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். பாதிக்கு இவர், பாதிக்கு அவர் என்று சமநிலை பார்க்கவில்லை. குறை சொன்னவர் பக்கத்தாரிடமே பந்தி முழுவதையும் ஒப்படைத்தார்கள் என்றே தோன்றுகிறது. எபிரெய விதவைகள் அதனால் பட்டினி கிடந்ததாக லூக்கா எழுதவில்லை. கண்காணிப்புக் குழுக்களில் ஆட்சியரும் பொறியாளரும் சங்கத் தலைவரும் இருக்கட்டும். பெரும்பான்மை இடம் கிணற்று நீரைக் குடிக்கிறவர்களுக்கும் தொட்டியில் இறங்குகிறவர்களுக்கும் தரப்பட்டால், உப்புக் குவியல் எத்தனை நாள் கரையில் நிற்கும்?

2025-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்று வழக்கில் தீர்ப்பளித்தது. மறுநாள் அந்தப் பத்துப் பேர் மாண்டு பத்தாண்டு நிறைந்த நாள், தற்செயலே. முன்னைய ஆணைகளின்படி இழப்பீடு பெறாதவர்களுக்கு ஆறு வாரத்திற்குள் மாநில அரசே அதைக் கொடுத்து, பின்னர் மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்றும் அது பணித்தது. முதல் மனுவிலிருந்து முப்பத்துநான்கு ஆண்டுகள். இடையில் நிலம் கைமாறியிருக்கிறது. உரிமை உடையவர் பலர் இறந்திருக்கலாம். அவர்கள் பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கலாம். இவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஏடு அரசிடம் இருக்கிறதோ இல்லையோ, நம்மிடம் இருக்கிறது. ஞானஸ்நானப் பதிவேடும் அடக்கப் பதிவேடும் குடும்ப அட்டவணையும் ஒவ்வொரு சபையிலும் பூட்டிய அலமாரியில் உள்ளன. இராணிப்பேட்டை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் ஊழியம் செய்யும் ஆயர்கள், கோடை விடுமுறையில் கள ஊழியத்திற்கு வரும் இறையியல் மாணவர் இருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, 2001-இன் ஆணைப்படி பெற்றவர் யார், பெறாதவர் யார், கிணற்று நீர் இன்று எப்படியிருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதலாம். நிலமற்றோரையும் தனிப்பட்டியலில் எழுதவேண்டும். சபை வேறுபாடு பாராமல் ஊர் முழுவதையும் எழுதவேண்டும். அப்பட்டியலை மாவட்ட ஆட்சியரிடமும் குழுவிடமும் கொடுக்கும் மனுவில் இம்முறை சபையின் கையெழுத்து இருக்கட்டும்.